பித்தக்குழாயில் ஒரு கரும்புள்ளி

சென்ற மாதம் ஒரு காலை, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமனையிலிருந்து நவீன் ஃபோன் செய்தார். எக்ஸ்ரே பிரிவுக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்துகொண்டிருந்தார்களாம்.

"மேடம், ஒரு எனாமல் தட்டு, ஒரு கப்பு, ஸ்பூனு கெடச்சிருக்கு. தட்டு அடியில செவப்பு பெயிண்ட்ல 'ஃபேட்டி மீல்'னு எழுதியிருக்கு. எக்ஸ்ரே ரூம்ல யாரு மேடம் சாப்டுவாங்க?"

"பேஷண்ட்தாம்பா. நாமதான் சாப்பிட வெப்போம்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுதிக் குடுங்க மேடம், இங்க யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். தட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே போனதில் ஆரோக்கியமேரி அம்மாவிடம் வந்து சேர்ந்துவிட்டேன். ஆகவே இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கௌதமி. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். சுரங்க ஆஸ்பத்திரியில் அவருக்கு அடிக்கடி நெஞ்சுப்படம் எடுப்பார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "இது உங்கப்பா மூச்சுப் பை" என்று காட்டியவர் ஒரு பெண். டாக்டரோ நர்ஸோ இல்லாமல் இப்படியும் ஒரு வேலை உண்டு என்று எனக்குத் தெரியவந்தது அன்றுதான். படிப்பு இரண்டு வருடம், தினமும் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயில். பிறகு கன்டோன்மென்ட் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை. கல்யாணமாகிக் காக்ஸ் டவுனுக்குக் குடிவந்தேன். ஓய்வுபெறும்வரை அதே ஆஸ்பத்திரிதான். வெள்ளைக் கோட்டு போட்ட எல்லாப் பெண்களும் ஜனங்களுக்கு சிஸ்டர் என்பதால் கடைசிவரை நானும் சிஸ்டராகவே இருந்தேன்.

அந்தக் காலத்தில் பித்தப்பையைப் பார்க்க ஸ்கேன் கிடையாது. முதல் நாள் சாயங்காலம் எண்ணெய், நெய் சேராத சாப்பாடு. அதற்குப் பிறகு ஆறு மாத்திரைகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விழுங்க வேண்டும். மாத்திரையிலுள்ள மருந்து கல்லீரல் வழியாகப் பித்தப்பையில் போய்ச் சேரும். காலையில் வெறும் வயிற்றில் படம் எடுத்தால் மருந்து நிறைந்த பை வெள்ளையாக, சின்னக் கத்தரிக்காய் தொங்குவதுபோலத் தெரியும். உள்ளே கல் இருந்தால் அந்த இடத்தில் மருந்து இருக்காது. வெள்ளைக்குள் கறுப்பாக ஓட்டை தெரியும். வெள்ளை என்றால் மருந்து, கறுப்பு என்றால் கல். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்து, பை சுருங்கி விரிகிறதா என்று பார்க்க வேண்டும். கொழுப்பு உள்ளே போனால்தான் பித்தப்பை சுருங்கும். அதற்குத்தான் அந்தத் தட்டு. இரண்டு அவித்த முட்டையும் ஒரு கப் பாலில் கரைத்த வெண்ணெயும் என்று புத்தகத்தில் இருந்தது. மல்லேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு மாமி முட்டையைப் பார்த்ததும் மேசையிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் ஓடினேன். எங்கள் ரேடியாலஜிஸ்ட் டாக்டர் ஹெக்டே கதவருகே நின்று அவரை வணங்கி, "அம்மா, பெண்ணெ தோசெ ஆகுத்தா?" என்று கன்னடத்தில் கேட்டார், வெண்ணெய் தோசை ஆகுமா என்று. மாமி நின்றார். கேண்டீனிலிருந்து வெண்ணெய் உருகி வழியும் தோசை வந்தது. "மூணு மாசமா எண்ணெயே தொடாதேன்னு சொல்லிட்டு இப்ப வெண்ணெய்ல முக்கித் தர்றேளே" என்றபடி முழுதும் சாப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஃபேட்டி மீல் என்றால் வெண்ணெய் தோசைதான்.

டாக்டர் ஹெக்டேயைப் பற்றி நிறைய சொல்லலாம். குள்ளமான மனிதர், எப்போதும் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. படத்தை ஓரத்தில் மட்டுமே பிடிப்பார். ஒளிப்பெட்டியில் மாட்டியதும் முதலில் என் பக்கம் திரும்புவார். "ஏன் காணுத்தே ஹேளம்மா. ஹெசரு ஆமேலெ." என்ன தெரிகிறது, அதைச் சொல், பெயர் அப்புறம். 'கல் தெரிகிறது சார்' என்று சொல்லக் கூடாது. 'கறுப்பாக மூன்று, ஓரம் வட்டம், பைக்குள் அடியில் இருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் கண் அதற்குமேல் பார்க்காது என்பது அவர் நம்பிக்கை. இன்னொரு விதியும் வைத்திருந்தார். எந்தப் பரிசோதனையானாலும் இரண்டு படம். "எரடு பேக்கு. ஒந்து சுள்ளு ஹேளுத்தே." ஒரே படம் பொய் சொல்லும்.

அவர் ஒருநாள் மருத்துவக் கல்லூரித் தேர்வு வேலையாகப் போயிருந்தபோது அந்த விதியை நான் மீறினேன்.

அன்று ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர் ஆரோக்கியமேரி அம்மா. விவேக் நகரில் புருஷனோடு சேர்ந்து சின்ன இட்லிக் கடை நடத்தியவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கண் மஞ்சளாகி, வலி தாங்காமல் வந்து சேர்ந்தார். பித்தப்பையில் உருவான கற்கள் நழுவி, பித்தம் குடலுக்கு இறங்கும் குழாயை அடைத்திருந்தன. இப்போது போல நான்கு துளை போட்டு மறுநாள் வீட்டுக்கு அனுப்பும் வேலையில்லை. விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்து, பையை எடுத்து, குழாயைத் திறந்து, கற்களை அகற்றி, அங்கே T எழுத்து வடிவத்தில் ஒரு ரப்பர் குழாயை வைத்துத் தைப்பார்கள். அதன் மறுமுனை வயிற்றுக்கு வெளியே ஒரு பாட்டிலில் இருக்கும். தையலை முடிப்பதற்கு முன் அந்த ரப்பர் குழாய் வழியாக மருந்தைச் செலுத்தி ஒரு படம். கல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க.

சர்ஜன் டாக்டர் பெள்ளியப்பா குடகுக்காரர். மெட்ராஸில் படித்ததால் தமிழ் சரளமாக வரும். கை வேகமானவர், பொறுமை குறைவு. ஒரு படம் எடுத்தேன். இரண்டாவது ஃபிலிம் கேசட்டை எடுக்கப் போனேன்.

"ஒண்ணு போதும்மா. ரெண்டு மணி நேரமா மயக்கத்துல இருக்காங்க. ஓடு, கழுவிக் கொண்டா."

ஓடினேன். எங்கள் இருட்டறையில் ஒரு பக்கம் ஈர மேசை, அதன்மேல் ஃபிலிமைக் கழுவும் டெவலப்பர் தொட்டி. மறுபக்கம் உலர்ந்த மேசை, கேசட்டைத் திறப்பது அங்கேதான். இரண்டுக்கும் நடுவே ஒரு துவாலை தொங்கும். தொட்டியைக் கலக்கிய கையைத் துடைக்காமல் மறுபக்கம் போகக் கூடாது. டெவலப்பர் சோப்புத் தண்ணீர் மாதிரி விரலிடுக்கில் நிற்கும், எளிதில் போகாது. அன்று தொட்டியைக் கலக்கிவிட்டுக் கையைக் கோட்டில் தேய்த்துக்கொண்டு கேசட்டைத் திறந்தேன். துவாலையைத் தொடவில்லை.

நீர் சொட்டச் சொட்டப் படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோனேன். வெள்ளைக் குழாயின் கீழ்முனையில் தெளிவாக ஒரு கரும்புள்ளி.

"விட்டுட்டேனா!" என்றார் பெள்ளியப்பா. போட்ட தையலைப் பிரித்தார். ரப்பர் குழாயை எடுத்துவிட்டு மறுபடி உள்ளே தேடினார். குழாயின் அடிவரை கம்பி விட்டுத் துழாவினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை. "குடலுக்குள்ள நழுவிப் போயிருக்கும், நல்லதாப் போச்சு" என்று சொல்லி, ரப்பர் குழாயை மறுபடி வைத்துத் தைத்து முடித்தார். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான்.

பிற்பகலில் படம் காய்ந்த பிறகு, பெயர் எழுதுவதற்காக ஒளிப்பெட்டியில் வைத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. குழாய்க்குள் ஒரு புள்ளி, குழாய்க்கு வெளியே இன்னும் இரண்டு புள்ளிகள். மூன்றும் ஒரே சாய்கோட்டில், பெரிது, சின்னது, அதைவிடச் சின்னது என்று இருந்தன. விரலை உதறினால் தண்ணீர் அப்படித்தான் தெறிக்கும். கழுவுவதற்கு முன் படத்தில் டெவலப்பர் பட்டால் அந்த இடம் மட்டும் கறுத்துவிடும்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கல் நழுவிவிட்டது என்று எல்லோரும் நம்பியாகிவிட்டது. படத்தை உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் அதை இனி யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. உறையில் போடவும் செய்தேன். வீட்டுக்குப் போனேன். சமைத்தேன், பரிமாறினேன், ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாள் காலை வார்டுப் பக்கம் போனபோது ஆரோக்கியமேரி அம்மா வலியில் துடித்துக்கொண்டிருந்தார். வாந்தி, காய்ச்சல். குழாயின் அடியைக் கம்பியால் துழாவியதில் பக்கத்திலிருந்த கணையம் வீங்கிவிட்டதாகச் சொன்னார்கள். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. அவர் புருஷன் சவரிமுத்து ஈரத் துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேராக டாக்டர் ஹெக்டேயிடம் போய் அந்தப் படத்தை மாட்டினேன். அவர் வழக்கம்போலத் திரும்பினார்.

"ஏன் காணுத்தே?"

"கறுப்பா மூணு புள்ளி சார். ஒண்ணு குழாய்க்குள்ள. ரெண்டு வெளியில. மூணும் ஒரே கோட்டுல."

நெடுநேரம் பார்த்தார். "ஈக ஹெசரு ஹேளு" என்றார். இப்போது பெயரைச் சொல்.

"டெவலப்பர் சார். என் கை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு "பா", வா என்று சொல்லி முன்னால் நடந்தார். சர்ஜன் அறையில் நானே சொல்ல வேண்டியதாயிற்று. பெள்ளியப்பாவின் முகம் சிவந்துவிட்டது.

"ஒரு மணி நேரம்! அந்தம்மா வயித்துக்குள்ள இல்லாத கல்ல ஒரு மணி நேரம் தேடியிருக்கேன்! உன் ஈரக்கையால!"

"இன்னொரு படம் இருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்" என்றார் ஹெக்டே அமைதியாக. "ஒண்ணு போதும்னு யார் சொன்னது?"

பெள்ளியப்பா படத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். "பேஷண்ட்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். இருக்கிற நெலமையில பயந்துருவாங்க" என்றார். வெளியே வந்ததும் ஹெக்டே தன் கையாலேயே பதிவேட்டில் நடந்ததை எழுதினார். என் பெயரையும் எழுதினார், ஒரே படம் எடுக்கப்பட்டது என்பதையும் எழுதினார்.

இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து ஆரோக்கியமேரி அம்மா எழுந்து உட்கார்ந்தார். ரப்பர் குழாயை எடுப்பதற்கு முன் மறுபடி மருந்து செலுத்திப் பார்ப்பது வழக்கம். எங்கள் அறைக்கே அழைத்து வந்தார்கள். ஹெக்டே மருந்து செலுத்தினார். மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தி ஒன்று, கால்பக்கம் தாழ்த்தி ஒன்று, சாய்த்துப் படுக்கவைத்து ஒன்று என்று மூன்று படம் எடுத்தேன். கேசட்டைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் கையைக் கழுவி, துடைத்து, விளக்கடியில் பார்த்துக்கொண்டேன்.

மூன்றிலும் கரும்புள்ளி இருந்தது, பித்தக் குழாயின் அதே கீழ்முனையில்.

பெள்ளியப்பாவை அழைத்தோம். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போன தடவை தண்ணி, இந்தத் தடவை காத்தா? மருந்தோட காத்துக் குமிழி போயிருக்கும். அந்த எடத்துல நான் ரெண்டு தடவை தேடியாச்சு, அங்க கல் இல்ல. ரப்பர் குழாய எடுத்துடலாம்."

ஹெக்டே என்னைக் காட்டினார். "படம் எடுத்தவ அவ. அவள கேளுங்க."

அந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு தவறு செய்தவள் நான். என் பேச்சை நம்ப அந்த சர்ஜனுக்கு ஒரு காரணமும் இல்லை. குமிழிதான் என்று சொல்லிவிட்டால் எல்லாரும் சாப்பிடப் போகலாம். குழாயை எடுத்த பிறகு உள்ளே கல் இருந்தால் அந்த அம்மா மறுபடி மஞ்சளாகி, மறுபடி வயிற்றைத் திறந்து படுக்க வேண்டும்.

"குமிழியா இருந்தா மேசையச் சாய்க்கிறப்ப மேல ஏறும் சார். இது ஏறல. ஓரம் வட்டமாவும் இல்ல, ஒரு பக்கம் மூலை இருக்கு. மூணு படத்துலயும் அதே மூலை." மூலையைக் காட்டினேன். "கை காஞ்சிருந்துச்சு சார். மூணு தடவையும் பாத்தேன்."

பெள்ளியப்பா மூன்று படங்களையும் வரிசையாக மாட்டினார். மூலையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "மேலேருந்து எறங்கியிருக்கு" என்றார் பிறகு, தனக்குள் சொல்வதுபோல. கல்லீரலுக்குள் இருக்கும் கிளைக்குழாயில் ஒளிந்திருந்த கல், அவர் தேடிய நாளில் அங்கே இல்லை. பின்னால் இறங்கி வந்திருந்தது.

மறுபடி கிழிக்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆறு வாரம் காத்திருந்தால் ரப்பர் குழாயைச் சுற்றி உறுதியான ஒரு பாதை உண்டாகிவிடும். அந்தப் பாதை வழியாகவே மெல்லிய கம்பிக்கூடையை விட்டுக் கல்லைப் பிடித்து இழுக்கலாம்.

"இன்னாது, இன்னும் ஆறு வாரமா?" என்று ஆரோக்கியமேரி அம்மா அழுதார். "இந்த பாட்டில இடுப்புல கட்டிகினு நான் எப்பிடிம்மா அடுப்பாண்ட நிப்பேன்?"

ஆனாலும் வாராவாரம் பஸ் ஏறி வந்தார், பாட்டிலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு. மூன்றாவது வாரம் என்னைத் தேடி எக்ஸ்ரே அறைக்கே வந்தார். கையில் வாழை இலையில் சுற்றிய பொட்டலம், சூடான இட்லியும் காரச் சட்னியும்.

"சிஸ்டர், கல்லு இல்லவே இல்லன்னு பெரிய டாக்டர் சொன்னாராம், நீங்கதான் இருக்குதுன்னு அடிச்சி சொன்னீங்களாம். எங்க வூட்டுக்காரர் டாக்டருங்க பேசுறத கேட்டுகினு வந்து சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும்மா."

பொட்டலம் என் கையில் சுட்டது. அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டாம் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். ஆனால் அந்த இட்லியை வாங்கிக்கொண்டு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. முதல் படம், ஈரக்கை, இல்லாத கல், ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு வந்த வலி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "அந்த வலி உங்களாலயா?" என்றார்.

"ஆமாம்மா."

"அன்னிக்கு நான் செத்துருவேன்னு நெனச்சேன். எங்க வூட்டுக்காரர கூப்புட்டு கடைய யாருக்கு குடுக்கணும்னுகூட சொல்லிட்டேன்."

அவர் பாட்டிலைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "சொல்லிட்டீங்க, சரி. ஆனா எனக்கு கோவம் வருது. கொஞ்ச நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு வாரமும் வந்தார். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் ஹெக்டேயிடம் நடந்ததைச் சொன்னேன். "சரி" என்றார், அவ்வளவுதான். பெள்ளியப்பாவிடம் அவரே பேசியிருக்க வேண்டும். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கல்லை எடுக்கும் நாள் வந்தது. சிறுநீரகப் பிரிவிலிருந்து கம்பிக்கூடையைக் கடன் வாங்கியிருந்தோம். எங்களுக்கு அதுதான் முதல் தடவை. சங்கடம் வேண்டாமே என்று அன்று வேறொருவரைப் போடச் சொல்லியிருந்தேன். ஆரோக்கியமேரி அம்மா மேசையில் படுத்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அந்த சிஸ்டர் எங்க?"

"வேற ஆள் இருக்காங்கம்மா" என்றார் ஹெக்டே.

"வேணாம். அவங்களையே வரச் சொல்லுங்க. ஒரு தடவ பட்டவங்க, அவங்கதான் பாத்து செய்வாங்க."

போனேன். ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு மேசையருகே நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கைய காட்டுங்க."

இரண்டு கையையும் நீட்டினேன். உள்ளங்கையைத் திருப்பினார். விரலிடுக்குகளைத் தன் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். டாக்டர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.

"ம். காஞ்சிருக்குது. எடுங்க."

முதலில் கல் இருக்கும் இடத்தைப் படமெடுத்து உறுதி செய்தோம். ரப்பர் குழாயை உருவினார்கள். அந்தப் பாதை வழியாக ஹெக்டே கம்பியை நுழைக்க, திரையில் அது வளைந்து நெளிந்து கீழே இறங்கியது. கல்லைத் தாண்டிப் போய்க் கூடை விரிந்தது. மெல்ல இழுத்தார், கல் சிக்காமல் நழுவியது. மறுபடியும் நழுவியது. நான்காவது முறை சிக்கியது. பெள்ளியப்பா "விடாதீங்க, விடாதீங்க" என்று ஹெக்டேயின் தோளருகே குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். வலியில் ஆரோக்கியமேரி அம்மா என் கோட்டு நுனியைப் பிடித்திருந்தார். கல் வெளியே வந்தது, துவரம்பருப்பு அளவில், பழுப்பாக, ஒரு பக்கம் மூலையோடு.

"இத்தனூண்டா?" என்றார் அவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியாக இரண்டு படம் எடுத்தேன். குழாய் முழுக்க வெள்ளை. மருந்து தடையில்லாமல் குடலுக்கு இறங்கியது.

அதன்பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கவில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, தேவாலய நவநாள் கூட்டத்தில் பஸ் நகர வழியில்லாமல் விவேக் நகரிலேயே இறங்கி நடந்தேன். "சிஸ்டர்!" என்று கடைக்குள்ளிருந்து குரல் கேட்டது. ஆரோக்கியமேரி அம்மா உடம்பு தேறியிருந்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேருக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

"இவங்கதான் என்னோட பித்தக் குழாய வீணா ஒரு தடவ பிரிக்க வெச்சவங்க" என்றார். கூட்டம் என்னை முறைத்தது. "அந்தக் கல்ல கண்டுபுடிச்சவங்களும் இவங்கதான். உக்காருங்கம்மா."

முதலில் தவறு, பிறகு கண்டுபிடித்தது என்று அந்த வரிசையிலேயே சொன்னார். இரண்டும் உண்மை என்று தலையாட்டிவிட்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.